பவுடரா, குடியா

அம்மா போன் செய்தால் நலம் விசாரிக்க மாட்டாள். "பாத்துட்டியா?" என்பாள். "இன்னும் இல்லம்மா" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவாள். ஒன்றரை வருடமாக எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் இதுதான். நான் பார்த்தேனா என்று அவள் கேட்டது என் அய்யாவின் மூளையை.

அய்யா என்றால் அப்பா. எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் கலவை அறையில் வேலை பார்த்தவர். நான் விருதுநகரில் படித்து, இப்போது வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூளை ஆய்வகத்தில் டெக்னீசியனாக இருக்கிறேன். இறந்துபோனவர்களின் மூளையிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி வில்லையில் ஒட்டி, சாயம் ஏற்றி, டாக்டர் பார்ப்பதற்குத் தயாராக வைப்பது என் வேலை. அய்யா இறந்தபோது அவர் மூளையும் அங்கேதான் வந்து சேர்ந்தது. வர வைத்தவள் நான்.

அதை ஏன் செய்தேன் என்று சொல்ல வேண்டுமென்றால் கலவை அறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது கம்பெனியின் மற்ற அறைகளிலிருந்து தள்ளித் தனியாக நிற்கும் சின்ன அறை. வெடித்தால் ஓடுவதற்கு எதிரெதிரே வாசல் வைத்திருப்பார்கள். ஓடிப் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், பச்சை நிறத்துக்குப் போடும் பச்சை உப்பு எல்லாவற்றையும் அய்யா கையால்தான் சலித்துக் கலப்பார். வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அய்யா தொடாமல் போனதே இல்லை. பழக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் வரும்போதும் சன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் வருவார். சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது காது, புருவம், நகக்கண் எல்லாம் வெள்ளியாக மின்னும். நானும் தம்பியும் சிரிப்போம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. காறித் துப்பினால் சாம்பல் நிறத்தில் விழும். கலியாணமான புதிதில் அதைப் பார்த்து அம்மா பயந்துபோயிருக்கிறாள். சாப்பிட்டதும் வாந்தி, விடிய விடிய இருமல். போய்க் கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்த பெரிய இடம் போர்மேன் வீடுதான். கலவை அறைக்கு மேல் பார்க்கிறவர் அவர். போர்மேன் வீட்டம்மா சொன்னதை அம்மா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"ஏத்தா, பவுடரு வகுத்துல போயித் தங்கிரும். வெறுந்தண்ணிக்கு எறங்காது. அந்தியில ஒரு கிளாஸ் பிராந்தி குடு. கழுவி விட்டுரும். எங்க வீட்டுக்காரரு அம்புட்டு வருசமா எப்பிடி இருக்காருங்கிற?"

கலவை அறை ஆட்களுக்கு இது புதிய சேதி இல்லை. அவர்களுக்குள் அதற்குப் பெயரே 'கழுவுறது' என்பதுதான். "கழுவியாச்சா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள். குடித்தாயா என்று கேட்பதாக அவர்களுக்கே தோன்றாது. முகத்துக்கு ஒரு நல்ல துணி கொடுக்காத கம்பெனியில், உள்ளே போன பவுடருக்கு வைத்தியம் இது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

அய்யாவுக்கு அந்த வாடையே பிடிக்காது. ஊரில் குடிக்காத ஆம்பிளை என்று பேர் வாங்கியவர். அம்மாதான் விடவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டு பாட்டில் வாங்கி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருப்பாள். அய்யா குளித்து வந்ததும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, சோடாவும் எலுமிச்சம்பழமும் சேர்த்து, மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பாள். பிள்ளைக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற மாதிரி, டம்ளர் காலியாகிற வரைக்கும் முன்னால் நிற்பாள். நானே பார்த்திருக்கிறேன். "முழுசாக் குடிங்க, கொஞ்சம் மிச்சம் வைக்காதீக" என்பாள்.

ஐந்தாறு வருடத்தில் அவர் மூக்கைப் பிடிப்பதை விட்டார். பத்து வருடத்தில் டம்ளருக்குக் காத்திருப்பதையும் விட்டார். வேனிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போய்விட்டு வந்தார். அம்மா அழுதாள், சண்டை போட்டாள், ஒருநாள் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். "நீதானடி பழக்குன" என்று அய்யா ஒரே ஒரு தடவை சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு வாயை மூடியவள்தான், அதற்குப் பிறகு அவர் குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாற்பத்தாறு வயதில் அய்யாவுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. முதலில் தெரிந்தது அதுதான். விரல் பொத்தானைப் பிடிக்கும், துளைக்குள் போகாது. அம்மா போட்டுவிட்டாள். பிறகு நடை சுருங்கியது, முகத்தில் சிரிப்பு போனது, பேச்சு வாய்க்குள்ளேயே நின்றது. ஐம்பதில் என் பெயரை மறந்தார். ஆனால் சன்னல் கம்பியை மறக்கவில்லை. எந்த வாசலைக் கண்டாலும் நின்று, கையால் துழாவி ஏதாவது ஒரு இரும்பைத் தொட்ட பிறகுதான் காலை எடுத்து வைப்பார். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தொடுவதற்கு ஒன்றும் இல்லாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் என் வளையலைக் கழற்றி நீட்டினேன். தொட்டுவிட்டு உள்ளே வந்தார்.

விருதுநகரில் முதலில் பார்த்த டாக்டர் என்ன வேலை என்று கேட்கவே இல்லை. "குடிப்பாரா?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங்க" என்றாள். சீட்டில் முதல் வரியிலேயே எழுதிவிட்டார், நீண்டகாலக் குடிப்பழக்கம் என்று. வேலை என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தது. அந்தச் சீட்டுதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக எங்களுக்கு முன்னால் போனது. எந்த டாக்டரும் முதல் வரியைத் தாண்டிப் படித்ததாக எனக்கு நினைவில்லை. பார்க்கின்சன் மாதிரி, கூடவே மறதி, காரணம் குடி. முடிந்தது கதை.

கம்பெனி மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உச்சுக்கொட்டினார்.

"நல்ல வேலைக்காரரும்மா. கொஞ்சம் கொறச்சுக் குடிச்சிருக்கலாம். நரம்பு எம்புட்டுத்தான் தாங்கும்?" என்றார். பிறகு எழுந்திருக்கும்போது, "தம்பி சும்மாத்தான இருக்கான்? அய்யா எடத்துக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

பழத்தைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

தம்பி அப்போது அச்சாபீஸ் வேலை ஒன்று போய் வீட்டில்தான் இருந்தான். கலியாணம் ஆகி, கைக்குழந்தை வேறு. அய்யா இடத்துக்குப் போகிறேன் என்றதும் நான் போனிலேயே கத்தினேன். அம்மா கத்தவில்லை. அவனைக் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய், சூடம் பொருத்தி, அதன்மேல் கையடித்துச் சத்தியம் வாங்கினாள். ஒரு சொட்டு குடிக்கக்கூடாது, யார் கழுவச் சொன்னாலும் கழுவக்கூடாது. அவன் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகுதான் வேனில் ஏறவிட்டாள். ஏழு வருடமாகிறது, தம்பி சத்தியத்தைக் காப்பாற்றுகிறான். கலவை அறையில் அவனைச் 'சாமியாரு' என்று கூப்பிடுகிறார்களாம்.

அய்யா கடைசியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் இழுத்தது. ஒன்பதாம் நாள் வராந்தாவில் வைத்து அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். எங்கள் ஆய்வகத்துக்கு மூளையைக் கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அதிலும் நம் ஊர்ப் பக்கமிருந்து ஒருவரும் இல்லை, அய்யாவுடையதைக் கொடுக்கலாமா என்றேன். சொல்லும்போதே கூசியது. அம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"அதுல பாத்தாத் தெரியுமா?" என்றாள்.

"எது?"

"பவுடரா, நான் ஊத்திக் குடுத்ததா. எதால இப்பிடி ஆச்சுன்னு."

அய்யாவுக்குப் பொத்தான் போட வராத நாளிலிருந்து அவள் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். நான் தினமும் மூளையைச் சீவுகிறவள், பெற்றவளின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள் யோசித்ததில்லை.

"தெரியும்மா" என்றேன்.

அதுதான் நான் சொன்ன பெரிய பொய். அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது என்பதுதான் இன்னும் கேவலம். நான் அதை நம்பினேன். அம்மா கைநாட்டு வைக்கவில்லை, எழுத்துக்கூட்டிக் கையெழுத்தே போட்டாள். தலையில் வெள்ளைத் துணி சுற்றி அய்யாவை ஊருக்குக் கொண்டுபோனோம். தலையை அறுத்து விற்றுவிட்டாள் மகள் என்று ஆனைக்குட்டத்துச் சொந்தங்கள் வரைக்கும் பேச்சு போனது. பெரியப்பா கருமாதிக்கு வரவில்லை. அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவள் பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

மூளை வந்த அன்றே பார்த்துவிட முடியாது. அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் வாரக்கணக்கில் ஊற வேண்டும், துண்டு போட வேண்டும், மெழுகில் பதிக்க வேண்டும், வரிசை வர வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் பெயர் கிடையாது, எண்தான். தன் சொந்தக்காரருடைய கேஸ் என்றால் அதை அந்த டெக்னீசியன் தொடக்கூடாது என்று விதியும் உண்டு. நியாயமான விதி. ஆனால் பதிவேட்டில் அய்யா இறந்த தேதிக்கு நேராக ஒரே ஒரு எண்தான் இருந்தது. அந்த எண்ணை நான் யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. வரிசை வரும்போது வரட்டும் என்று காத்திருந்தேன். அம்மா மாதம் இரண்டு தடவை கேட்டாள். "பாத்துட்டியா?"

நான் எதைத் தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன். மூளையில் நரம்பு செல்கள் மட்டும் இல்லை. நடுநடுவே மைக்ரோகிளியா என்று ஒரு கூட்டம் இருக்கிறது. மூளையைக் காவல் காக்கும் செல்கள். ஒரு தொந்தரவும் இல்லாதபோது உடம்பு சிறுத்து, மெல்லிய நீண்ட கைகளைச் சுற்றிலும் நீட்டித் தடவிப் பார்த்தபடி இருக்கும். கெடுதல் ஏதாவது நடந்தால் கைகளைச் சுருக்கிக்கொண்டு, உடம்பு தடித்து, செத்ததையும் சிதைந்ததையும் தின்னத் தொடங்கும். அதைக் கிளர்ந்த நிலை என்கிறோம். சில நோய்களில் இவை அடங்காமல் கிளர்ந்தபடியே இருந்து, நல்ல நரம்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

சாதாரணச் சாயத்தில் இவற்றைச் சரியாக அடையாளம் காண முடியாது. அதற்குத்தான் ஆன்டிபாடி. ஒரு ஆன்டிபாடி தனக்கு உரிய ஒரே புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும். ஒட்டின இடத்தில் பழுப்பு நிறம் வருகிற மாதிரி செய்துவிட்டால், அந்தச் செல் எங்கே இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐபா-1 என்ற புரதத்துக்கான ஆன்டிபாடி மைக்ரோகிளியா எல்லாவற்றையும் காட்டும், சும்மா இருப்பதையும் கிளர்ந்ததையும். சிடி-68 என்று இன்னொன்று, தின்னுகிற வேலையில் இருப்பவற்றில் அதிகமாக ஏறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அங்கே என்ன நடந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். இந்த 'ஓரளவு' என்ற சொல்லைத்தான் வராந்தாவில் நின்று நான் விழுங்கிவிட்டேன்.

அந்த எண் வந்த வாரம் சாயம் ஏற்ற வேண்டிய முறை என்னுடையது. வேறு ஆளிடம் மாற்றிக்கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அன்றைய வில்லைகளோடு வில்லையாக அய்யாவையும் வைத்தேன். மெழுகைக் கரைத்தேன். ஃபார்மலின் இறுக்கிப் பிடித்திருப்பதைத் தளர்த்த வில்லைகளைக் குக்கரில் வேகவைக்க வேண்டும். எங்களிடம் இருப்பது வீட்டில் சோறு வடிக்காமல் ஆக்குகிற அதே குக்கர்தான். விசில் வந்தது. ஆறவிட்டேன். ஆன்டிபாடியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை நிறம் ஏற்றும் வேலை.

நிறம் ஏற்றும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கூடுதலாக விட்டால் எல்லாமே பழுப்பாகிவிடும், இல்லாத கிளர்ச்சியும் இருப்பதாகத் தெரியும். எல்லா வில்லைக்கும் ஒரே நேரம்தான் விட்டேன். அய்யாவுக்கென்று ஒரு நொடி கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆன்டிபாடி விடாத வெறும் வில்லை ஒன்றும் வைத்திருந்தேன், நிறம் தானாக ஏறுகிறதா என்று சரிபார்க்க. அது சுத்தமாக இருந்தது. இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே நேர்மையான வேலை அதுதான், அதனால் எழுதி வைக்கிறேன்.

நுண்ணோக்கியில் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கும் வில்லையை வைத்தேன். மூளை நோய் எதுவும் இல்லாத ஒருவருடையது. கை நீட்டிய மெல்லிய செல்கள், இடைவெளி விட்டு, அமைதியாக. பிறகு அய்யா. நடுமூளையில், உடம்பின் அசைவுக்கு வேண்டிய கருத்த நரம்புகள் இருக்க வேண்டிய இடத்தில், அவை பாதிக்கு மேல் இல்லை. அந்த இடம் முழுக்கப் பழுப்பு. கைகளை இழுத்துக்கொண்ட தடித்த செல்கள், ஒன்றன்மேல் ஒன்று. சிடி-68 வில்லையிலும் அதே. இத்தனை கிளர்ந்த வில்லையை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம். இதோ இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்த பிறகுதான் என்னத்தைச் சொல்வது என்று நின்றேன்.

ஆய்வகத் தலைவியான டாக்டர் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எண் தெரிந்தது, நானே சாயம் ஏற்றியது, எல்லாம். அவர் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வில்லையை வைத்துப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா ஏத்தியிருக்கீங்க" என்றார். "கேளுங்க, என்ன தெரியணும்?"

"பவுடரா, குடியா மேடம்?"

"இதுல அது தெரியாதும்மா. செல் கிளர்ந்திருக்குன்னு ஆன்டிபாடி சொல்லும். எதுக்குக் கிளர்ந்ததுன்னு சொல்ற ஆன்டிபாடி கிடையாது. பல வருஷம் குடிச்சவங்க மூளையிலயும் இவை கிளரும். உலோகத் தூசு உள்ள போனாலும் கிளரலாம். ரெண்டும் இல்லாம பார்க்கின்சன் வந்தவங்களுக்கும் நடுமூளை இப்படித்தான் இருக்கும். கடைசி பத்து நாள் காய்ச்சல் இருந்திருக்கு, அதுவும் கொஞ்சம் தூண்டியிருக்கும்."

"அப்ப எப்பவுமே சொல்ல முடியாதா?"

"ஒரு மூளையை வச்சு முடியாது. நிறைய வேணும். குடிச்சவங்க, ஆனா பவுடரைத் தொடாதவங்க, அது நம்மகிட்ட இருக்கு. இன்னொரு பக்கம், வருஷக்கணக்கா பவுடர்ல வேலை பார்த்து, ஒரு சொட்டுகூடக் குடிக்காதவங்க வேணும். ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் பிரிக்க ஆரம்பிக்கவே முடியும். கலவை அறையில குடிக்காதவங்க யாராவது இருப்பாங்களா உங்க ஊர்ல?"

"இருக்காங்க மேடம்" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. தம்பியைத்தான் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் குறைகிற வில்லை எங்கள் வீட்டில், சாமியாரு என்ற பட்டப்பெயரோடு, காதில் வெள்ளிப் பவுடரோடு நடமாடிக்கொண்டிருந்தது. மேடத்துக்கு அது தெரியாது. நான் வெளியே வந்து கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது, கோழைத்தனம் என்று தோன்றியது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி உள்ளே பிள்ளைகளோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் பையைக் கீழே வைக்கும் முன்னாலேயே கேட்டாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

சுருட்டுகிற கை நிற்கவில்லை. "சொல்லு."

"உள்ள பெரிய சண்டை நடந்திருக்கும்மா. நரம்பு பாதிக்கு மேல செத்துப்போச்சு."

"எதால?"

"அதுதான் தெரியல. பவுடராவும் இருக்கலாம், குடியாவும் இருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். ரெண்டும் இல்லாம தானா வந்ததாவும் இருக்கலாம்."

"நீதான தெரியும்னு சொன்ன?"

"சொன்னேன்."

"அதுக்குத்தான அவுக தலையத் தொறக்க விட்டேன்?"

அவள் சுருட்டி முடித்த குழாயைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அவசரப்பட்டுவிட்டேன். அவள் தலையிலிருந்து அந்தப் பாரத்தை இறக்கிவிட்டால் போதும் என்று இருந்தது.

"பவுடராத்தாம்மா இருக்கும்" என்றேன். "இருபத்தெட்டு வருசம் மூச்சுல போயிருக்கு. நீ குடுத்தது ஒரு டம்ளர். பவுடர்தான்."

அம்மாவின் கை அப்போதுதான் நின்றது. அவள் முகம் தெளியும், அழுவாள், ஆறுதல் சொல்லலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். தம்பி மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து மடிப்பில் ஞாயிற்றுக்கிழமையிலும் வெள்ளி இருந்தது.

நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பவுடரு இல்லத்தா."

"அம்மா..."

"பவுடரு இல்ல. குடிதான். நாந்தான் பழக்குனேன். நாந்தான் ஊத்திக் குடுத்தேன், முழுசாக் குடிங்கன்னு நின்னேன். அதாலதான் போச்சு. இனிமே இதப் பத்திப் பேசாத."

"நீ ஏம்மா உன் தலையில..."

"அவன் குடிக்கல. அவனுக்கு ஒண்ணும் வராது. அம்புட்டுத்தான்."

இத்தனை வருடமாக எந்தப் பழியை நினைத்து அவள் செத்துக்கொண்டிருந்தாளோ, அந்தப் பழியையே என் கண்ணெதிரில் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அவளை அதிலிருந்து விடுவிக்கத்தான் நான் அய்யாவின் தலையைத் திறக்க வைத்தேன். கடைசியில் அவளுக்கு இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். படித்த கழுதை என்று என்னை யாராவது திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் சும்மா விட்டுவிடவில்லை. தம்பியிடம் தனியாகப் பேசினேன். வேலையை விட்டுவிடு, வேறு எதற்காவது போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எதையெல்லாம் சொல்ல முடியாது, எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கலவை அறைக்காரனுக்குப் பொறுமை அதிகம். அவசரப்பட்டவர்கள் யாரும் அங்கே மிச்சமில்லை.

"அக்கா, நீங்க பாத்த கண்ணாடியில பவுடருதான்னு எழுதியிருந்துச்சா?"

"இல்ல."

"குடிதான்னு எழுதியிருந்துச்சா?"

"அதுவும் இல்லலே."

"அப்ப அம்மா சொல்றதும் சரியா இருக்கலாம்ல? நான் குடிக்கிறதில்ல. சத்தியம் பண்ணியிருக்கேன். வேற எங்கன போகச் சொல்றீக? அச்சாபீஸ்ல திரும்ப எடுக்க மாட்டாக. போர்மேன் வேற என்னைத்தான் நம்பியிருக்காரு." பிறகு அவன் தயங்கினான். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குடிதான?"

அவன் கேட்ட குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவன் விவரம் கேட்கவில்லை. நாளைக்குக் காலையில் வேனில் ஏறுவதற்கு ஒரு வார்த்தை கேட்டான். உள்ளே அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவளும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "குடிதான்."

வில்லையில் நிறத்தை ஒரு நொடி கூட்டாத கை என்று பீற்றிக்கொண்டேனே, அந்தக் கைக்குச் சொந்தக்காரி சொன்ன பதில் இது. தம்பி மூச்சை விட்டுச் சிரித்தான். மறுநாள் காலை வேன் வந்தது. தூக்குவாளியை வாங்கிக்கொண்டு ஏறினான். சாயங்காலம் அவன் திரும்பி வரும்வரைக்கும் இருந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வாசலில் செருப்பைக் கழற்றினான். சன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டான். உள்ளே வந்தான். அம்மா அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

இப்போதெல்லாம் அம்மா "பாத்துட்டியா" என்று கேட்பதில்லை. "சாப்பிட்டியாத்தா, ஒடம்பு எப்பிடி இருக்கு" என்று எல்லா அம்மாக்களையும் போல விசாரிக்கிறாள். கேள்வி கேட்கும் வேலை எனக்கு வந்துவிட்டது. வாரம் தவறாமல் கேட்கிறேன்.

"தம்பி சட்டைப் பொத்தான அவனே போட்டுக்கிறானாம்மா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். "அதென்ன கேள்வி கேக்குற, அவன்தான் குடிக்கலையே" என்று போனை வைத்துவிடுவாள். போட்டுக்கொள்கிறான் என்று மட்டும் இதுவரை ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை.